வீட்டில் இருப்பவர் உள்ளே, விருந்தினர் வெளியே: ஒரே வயர்லெஸ் கன்ட்ரோலரில் இரண்டு வேலை

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் வைஃபை சிக்னல் தரும் 20 அக்சஸ் பாயின்ட்டுகளும், அவற்றை ஒரே இடத்திலிருந்து நடத்தும் ஒரு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9800-எல் கன்ட்ரோலரும் இருக்கின்றன. வீட்டிலிருந்து வேலை செய்யும் 30 பேருக்கு ஆளுக்கொரு அக்சஸ் பாயின்ட் கொடுத்து, அலுவலக வைஃபை அங்கேயும் கிடைக்கும்படி செய்யச் சொல்கிறார்கள். கூடவே அலுவலகத்துக்கு வந்து போகிறவர்களுக்குத் தனி வைஃபை வேண்டும். பழைய 2504 கன்ட்ரோலர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை விருந்தினர் வேலைக்கு ஒதுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

கன்ட்ரோலரின் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியின் (வைஃபை பெயரின்) டிராஃபிக்கும் எந்த இடத்தில் போய் இறங்க வேண்டும்? நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு வேலைகளும் இந்த ஒரே கேள்விக்கு நேரெதிரான இரண்டு விடைகள். வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஊழியரின் டிராஃபிக் அலுவலகத்துக்குள் இறங்க வேண்டும். அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருக்கும் விருந்தினரின் டிராஃபிக் அலுவலகத்தைத் தொடாமல் வெளியே இறங்க வேண்டும். இது தெளிவாகிவிட்டால் மெனுவில் எந்தக் கட்டத்தை டிக் செய்வது என்பது தானாக வந்துவிடும். இது தெளிவில்லாமல் தொடங்கினால், விருந்தினர் வைஃபை ஊழியர்களின் வீடுகளில் ஒலிபரப்பாகும் விபத்துகூட நடக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மேலதிகாரியிடம் பேசிவிடுங்கள். 30 பேருக்கும் அக்சஸ் பாயின்ட் தேவையா? ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும் வேலை செய்கிறவருக்கு விபிஎன் மென்பொருள் போதும். செலவும் குறைவு, பழுது பார்க்கும் தொல்லையும் குறைவு. மேஜை போன், பிரின்டர், விபிஎன் மென்பொருள் போட முடியாத கருவிகள் வைத்திருப்பவர்கள், ஒரே வீட்டில் இரண்டு மூன்று அலுவலகக் கருவிகளை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவர்கள், இவர்களுக்குத்தான் அக்சஸ் பாயின்ட் உண்மையில் பயன் தரும். பட்டியலை இப்படிப் பிரித்தால் 30 என்பது 10 ஆகக் குறைய வாய்ப்பு உண்டு.

இதைப் படிக்கும் வேறு சிலரிடம் யூனிஃபை, ஓமாடா போன்றவை இருக்கலாம். அவற்றிலும் கன்ட்ரோலர் என்ற பெயர் உண்டு, ஆனால் அது அமைப்புகளை அனுப்பி நிர்வகிப்பதற்கு மட்டும்தான். பயனர்களின் டிராஃபிக் அதன் வழியாகப் போவதில்லை. அதனால் வீட்டில் வைத்த யூனிஃபை அக்சஸ் பாயின்ட்டை அலுவலகக் கன்ட்ரோலரோடு சேர்த்தாலும் அலுவலக நெட்வொர்க் வீட்டுக்கு வந்துவிடாது. அங்கே ரௌட்டருக்கு ரௌட்டர் விபிஎன் தனியாகப் போட வேண்டும். இனி சொல்வதெல்லாம் உங்கள் 9800-க்கு.

சிஸ்கோவில் அக்சஸ் பாயின்ட்டும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்வது கேப்வாப் என்ற நெறிமுறையில். 2009-இல் ஆர்எஃப்சி 5415 ஆக வெளிவந்தது. யுடிபி 5246 கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு, யுடிபி 5247 பயனர்களின் டேட்டாவுக்கு. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கன்ட்ரோலரைத் தேடும் முதல் செய்திகள் தவிர, 5246-இல் போவது எப்போதும் டிடிஎல்எஸ் என்ற முறையில் மறையாக்கப்பட்டிருக்கும். 5247-இல் போகும் டேட்டா இயல்பு நிலையில் மறையாக்கப்படுவதில்லை. வைஃபை கடவுச்சொல்லோ 802.1எக்ஸோ (ஆளுக்கு ஆள் தனிக் கணக்கில் நுழையும் முறை) காற்றில் போகும் பகுதியைத்தான் காக்கிறது. அக்சஸ் பாயின்ட்டுக்கு வந்ததும் அந்தப் பூட்டு அவிழ்ந்து, பாக்கெட் கேப்வாப் உறைக்குள் திறந்தபடியே பயணிக்கிறது. அலுவலகக் கேபிளுக்குள் இருக்கும்வரை இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊழியரின் வீட்டு பிராட்பேண்ட் வழியாக இணையத்தைக் கடக்கும்போது இது அறவே கூடாது. அக்சஸ் பாயின்ட் (ஏபி) சேர்வதற்கான அமைப்பான ஏபி ஜாயின் ப்ரொஃபைலில் லிங்க் என்க்ரிப்ஷன் என்ற தேர்வு இருக்கிறது. அதை ஆன் செய்து, அக்சஸ் பாயின்ட் சேர்ந்த பிறகு அது உண்மையிலேயே நடப்பில் இருக்கிறதா என்று கன்ட்ரோலரிலும் பார்த்துவிடுங்கள். முழு அமைப்பிலும் ஒன்றே ஒன்றைத்தான் சரிபார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

அடுத்தது கன்ட்ரோலரை வெளியிலிருந்து எட்டும்படி செய்வது. ஃபயர்வாலில் ஒரு பொது ஐபியைக் கன்ட்ரோலரின் வயர்லெஸ் மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸுக்கு ஒன்றுக்கு ஒன்று நேட் செய்யுங்கள், அதாவது அந்தப் பொது முகவரிக்கு வருவது கன்ட்ரோலரின் உள் முகவரிக்குப் போகட்டும். திறக்க வேண்டியவை யுடிபி 5246, 5247 இரண்டு மட்டும். 443-ஐயும் 22-ஐயும் சேர்த்துத் திறந்துவைத்தால் கன்ட்ரோலரின் நிர்வாகப் பக்கமே உலகத்துக்குத் தெரியும். "வீட்டிலிருந்து நானே பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும்" என்று அதைச் செய்யாதீர்கள், அதற்கு விபிஎன் இருக்கிறது. வீட்டுப் பக்கத்தில் எதையும் திறக்க வேண்டியதில்லை. அக்சஸ் பாயின்ட்தான் முதலில் கன்ட்ரோலரைத் தேடி வருகிறது, ஆகவே இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபியின் பின்னால் வைத்திருந்தாலும் இது வேலை செய்யும்.

பிறகு கன்ட்ரோலருக்கே அதன் பொது ஐபி என்னவென்று சொல்ல வேண்டும். வயர்லெஸ் இன்டர்ஃபேஸ் பக்கத்தில் நேட் முகவரிக்கான இடம் இருக்கிறது. இதை ஏன் சொல்ல வேண்டும்? அக்சஸ் பாயின்ட் "யார் கன்ட்ரோலர்?" என்று கேட்கும்போது, பதிலுக்குள்ளேயே கன்ட்ரோலர் தன் ஐபியை எழுதி அனுப்புகிறது. ஃபயர்வால் வெளியுறையில் இருக்கும் முகவரியை மாற்றும், உள்ளே எழுதியிருப்பதை மாற்றாது. பொது ஐபியைச் சொல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் அக்சஸ் பாயின்ட் 10 அல்லது 192.168 என்று தொடங்கும் முகவரியைத் தேடிக்கொண்டே இருக்கும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. கன்ட்ரோலர் பொது ஐபியை மட்டும் பதிலாகச் சொன்னால், அலுவலகத்துக்குள் இருக்கும் 20-உம் வெளியே போய்த் திரும்பி உள்ளே வரப் பார்த்து மாட்டிக்கொள்ளும். உள் முகவரி, பொது முகவரி இரண்டையும் பதிலில் சொல்லும்படி டிஸ்கவரி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பவை இதுவரை சேர்ந்தே இருப்பதால் இந்தக் கோளாறு உடனே தெரியாது. அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு எல்லாம் ஒன்றாக மறுபடி சேர முயலும்போதுதான் தெரியும்.

இப்போது உங்கள் கன்ட்ரோலர் இணையத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதைத் தேடி வரும் அக்சஸ் பாயின்ட் உங்களுடையதுதானா? இயல்பு நிலையில் கன்ட்ரோலர் தொழிற்சாலையில் ஏற்றப்பட்ட சான்றிதழை மட்டும் பார்க்கிறது. அந்தச் சான்றிதழ் எல்லா சிஸ்கோ அக்சஸ் பாயின்ட்டிலும் உண்டு. உங்கள் பொது ஐபி தெரிந்த எவரும் கடையில் வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். யாரை அனுமதிப்பது என்பதற்கான ஏஏஏ பகுதியில் ஏபி பாலிசி என்ற இடத்தில் மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) அல்லது சீரியல் எண்ணைப் பார்த்து அனுமதிக்கும் வசதி இருக்கிறது. முதலில் இருக்கும் 20-ஐயும் வீட்டுக்குப் போகப்போகிறவற்றையும் பட்டியலில் ஏற்றுங்கள், அதற்குப் பிறகுதான் அந்த வசதியை ஆன் செய்யுங்கள். வரிசை மாறினால் அலுவலக வைஃபை விழுந்துவிடும். ஊழியர் வேலையை விட்டுப் போனாலோ அக்சஸ் பாயின்ட் திருடுபோனாலோ பட்டியலிலிருந்து ஒரு வரியை நீக்கினால் போதும். 802.1எக்ஸ் பயன்படுத்தினால் திருடியவர் கையில் உங்கள் வைஃபை கடவுச்சொல் என்று எதுவும் இருக்காது.

சான்றிதழ் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய மாடல் அக்சஸ் பாயின்ட்டுகளின் தொழிற்சாலைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான். ஆயுள் முடிந்தவை கன்ட்ரோலரில் சேர மறுக்கும். அலமாரியில் கிடப்பவற்றைத் தூசி தட்டி வீட்டுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் உற்பத்தி ஆண்டைப் பாருங்கள். இந்த வேலைக்கென்றே வந்த பழைய ஓஇஏபி 600 வரிசையை 9800 ஏற்காது.

சரி, அமைப்புக்கு வருவோம். 9800-இல் எல்லாமே மூன்று டேக்குகள் வழியாக நடக்கின்றன. எந்த எஸ்எஸ்ஐடிகள் ஒலிபரப்பாக வேண்டும் என்பது பாலிசி டேக். அக்சஸ் பாயின்ட் எந்த முறையில் இயங்க வேண்டும் என்பது சைட் டேக். ரேடியோ விவரங்கள் ஆர்எஃப் டேக். வீட்டுக்கென்று ஒரு பாலிசி டேக்கும் ஒரு சைட் டேக்கும் புதிதாக உருவாக்குங்கள்.

சைட் டேக்கில் "லோக்கல் சைட்" என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்தவுடன், தொலைவில் இருக்கும் அக்சஸ் பாயின்ட்டுகளுக்கான ஃப்ளெக்ஸ் ப்ரொஃபைல் தேர்வு கீழே தோன்றும். அந்த ஃப்ளெக்ஸ் ப்ரொஃபைலுக்குள் வீட்டு அக்சஸ் பாயின்ட்டுக்கான ஆபீஸ்எக்ஸ்டெண்ட் என்ற தேர்வை ஆன் செய்யுங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். ஃப்ளெக்ஸ் என்றாலே டிராஃபிக் அந்த இடத்திலேயே இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முறையின் பெயர்தான். டிராஃபிக் எங்கே இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது பாலிசி ப்ரொஃபைலில் இருக்கும் சென்ட்ரல் ஸ்விட்சிங். வீட்டு ஊழியருக்கு அது ஆன் ஆகவே இருக்க வேண்டும், அப்போதுதான் லேப்டாப்பின் டிராஃபிக் டனல் (கேப்வாப் பாதை) வழியாக வந்து அலுவலக விலேனில் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்கில்) இறங்கும். அந்த விலேனை அலுவலக மேஜைகளுக்கான விலேனோடு கலக்காமல் தனியாக வையுங்கள். பின்னால் ஃபயர்வாலில் விதி எழுதவும், லாக் படிக்கவும், தொல்லை வந்தால் ஒரே இடத்தில் நிறுத்தவும் அது உதவும்.

எஸ்எஸ்ஐடி பெயரும் 802.1எக்ஸ் அமைப்பும் அலுவலகத்தில் இருப்பதுபோலவே இருக்கட்டும். லேப்டாப் வீட்டில் தானாகவே இணைந்துகொள்ளும், யாருக்கும் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மேலே சொன்ன விபத்து இங்கேதான் நடக்கிறது. அலுவலகத்தின் பாலிசி டேக்கையே வீட்டு அக்சஸ் பாயின்ட்டுக்கும் போட்டுவிட்டால், விருந்தினர் எஸ்எஸ்ஐடியும் சேர்ந்து அங்கே ஒலிபரப்பாகும். பக்கத்து வீட்டுக்காரர் அதில் இணைந்து, உங்கள் ஊழியரின் பிராட்பேண்ட் வழியாக அலுவலகத்துக்கு வந்து, உங்கள் அலுவலக ஐபியில் இணையத்துக்குப் போவார். வீட்டு டேக்கில் ஊழியர் எஸ்எஸ்ஐடி ஒன்று மட்டும்.

குடும்பத்தினருக்காக வீட்டு அக்சஸ் பாயின்ட்டிலேயே தனியாக ஒரு சொந்த எஸ்எஸ்ஐடி உருவாக்கும் வசதி ஆபீஸ்எக்ஸ்டெண்டில் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு ரௌட்டர் இருக்கிறது, பிள்ளைகளின் டேப்லெட்டும் டிவியும் அதிலேயே இருக்கட்டும். சொந்த எஸ்எஸ்ஐடியைக் கொடுத்துவிட்டால், வீட்டில் படம் ஓடாவிட்டாலும் போன் உங்களுக்குத்தான் வரும்.

வீட்டு ரௌட்டரில் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் வசதி) இருக்காது. அக்சஸ் பாயின்ட்டோடு சரியான இன்ஜெக்டரையும் ஒரு கேபிளையும் சேர்த்தே கொடுங்கள். மாடலுக்கு 802.3ஏஎஃப் போதுமா, 30 வாட் தரும் 802.3ஏடி வேண்டுமா என்று பார்த்து வாங்குங்கள். மின்சாரம் குறைவாகக் கிடைத்தால் அக்சஸ் பாயின்ட் சில வசதிகளைத் தானே குறைத்துக்கொண்டு அரைகுறையாக ஓடும், காரணமும் வெளியே தெரியாது.

வீட்டில் டிஎச்சிபி (ஐபி வழங்கும் சேவை) மூலம் கன்ட்ரோலரின் முகவரியைச் சொல்லும் ஆப்ஷன் 43 கிடையாது, கன்ட்ரோலர் பெயரைச் சொல்லும் உள் டிஎன்எஸ்ஸும் கிடையாது. ஆகவே பெட்டியில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அலுவலகத்தில் சேர்த்து, ஹை அவைலபிலிட்டி பகுதியில் பிரைமரி கன்ட்ரோலராக உங்கள் கன்ட்ரோலரின் பெயரையும் பொது ஐபியையும் கொடுத்துச் சேமிக்க வேண்டும். அது அக்சஸ் பாயின்ட்டின் நினைவில் தங்கிவிடும். மென்பொருள் பதிப்பும் அப்போதே கன்ட்ரோலரோடு ஒத்துப்போகட்டும். புதிய பதிப்பை வீட்டு இணைப்பு வழியாக இறக்குவது மெதுவான வேலை. பின்னாளில் கன்ட்ரோலரை மேம்படுத்தும்போதும் ப்ரீ-டவுன்லோட் முறையில் முந்தைய நாளே இறக்கிவைத்து, அப்புறம் மாற்றுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை, இதைத் தவிர்க்கவே கூடாது. அலுவலகத்திலேயே ஒரு சின்ன ரௌட்டரை மொபைல் டேட்டாவில் ஓடவிட்டு, அதன் பின்னால் அக்சஸ் பாயின்ட்டைச் செருகுங்கள். அலுவலக நெட்வொர்க்கைத் தொடாமல், வெளியிலிருந்து வருவதுபோலவே சேர்கிறதா என்று கண் முன்னால் பார்த்துவிடலாம்.

அந்தச் சோதனையில் தேறியும் சில வீடுகளில் மட்டும் வினோதமாக நடக்கும். அக்சஸ் பாயின்ட் சேர்ந்துவிடும், லேப்டாப்புக்கு ஐபி கிடைக்கும், பிங் போகும். ஆனால் இணையப் பக்கம் பாதியில் நின்றுவிடும், ஃபைல் திறக்காது. இந்தக் கூட்டு அறிகுறிகளைப் பார்த்தால் முதலில் எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, சந்தேகப்படுங்கள். சாதாரண பாக்கெட் 1500 பைட். பிபிபிஓஇ முறையில் வரும் ஃபைபர் இணைப்பில் 8 பைட் போய் 1492 ஆகிறது. அதற்குமேல் கேப்வாப் உறை, டிடிஎல்எஸ் உறை, வெளி ஐபி தலைப்பு எல்லாம் சேர்கின்றன. சிறிய பாக்கெட் தப்பித்துப் போகும், பெரியது துண்டாகும், துண்டுகளை வழியில் எங்காவது ஒரு கருவி தூக்கி எறியும். வீட்டு ரௌட்டரில் நேராக இணைந்த லேப்டாப்பிலிருந்து, துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் கொடுத்துப் பாருங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து அது 1500. அது போகாமல் 1464 போனால் பிபிபிஓஇ என்று தெரிந்துவிடும். தீர்வு, ஏபி ஜாயின் ப்ரொஃபைலில் இருக்கும் டிசிபி எம்எஸ்எஸ் அட்ஜஸ்ட். அதை ஆன் செய்து 1250 என்று வையுங்கள். டிசிபி இணைப்புகள் தொடக்கத்திலேயே சிறிய பாக்கெட்டுக்கு ஒப்புக்கொண்டுவிடும். வீடு வீடாகப் போய்ச் சரிசெய்வதைவிட எல்லா வீட்டு அக்சஸ் பாயின்ட்டுக்கும் முதலிலேயே இதைப் போட்டுவிடுவது நல்லது.

அப்புறம், இணைப்பின் அளவு. 9800-எல் இயல்பு உரிமத்திலேயே 250 அக்சஸ் பாயின்ட்டுகளையும் 5,000 பயனர்களையும் தாங்கும். உங்கள் 50-க்கு அது மூச்சே வாங்காது. மூச்சு வாங்கப்போவது அலுவலகத்தின் இணைய இணைப்பு. ஒருவர் வீடியோ கூட்டத்தில் இருக்கிறார், போகவும் வரவும் 3 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். அவர் அனுப்பும் 3, டனல் வழியாக அலுவலகத்துக்குள் வந்து மறுபடி இணையத்துக்கு வெளியே போகிறது. அவருக்கு வரும் 3-உம் அதேபோல உள்ளே வந்து வெளியே போகிறது. ஆக ஒருவருக்கு உங்கள் இணைப்பில் இரண்டு திசையிலும் தலா 6. காலை பத்து மணிக்கு 30 பேரும் கூட்டத்தில் இருந்தால் இரண்டு திசையிலும் 180 எம்பிபிஎஸ், டனல் உறைகளைக் கணக்கில் சேர்க்காமலே.

இதற்குத்தான் ஸ்ப்ளிட் டனல். குறிப்பிட்ட முகவரிகளுக்குப் போகும் டிராஃபிக்கை மட்டும் அக்சஸ் பாயின்ட் வீட்டு இணைப்பிலேயே இறக்கிவிடும், மற்றதெல்லாம் டனலில் வரும். எல்லா இணைய டிராஃபிக்கையும் வீட்டில் இறக்கிவிட்டால் அலுவலக ஃபயர்வாலின் பாதுகாப்பு அந்த லேப்டாப்புக்கு இல்லாமல் போகும். அதனால் பட்டியலைச் சுருக்கமாக வையுங்கள். டீம்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் ஒலி, ஒளிக்கான முகவரிகளை மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே கொடுக்கிறது: 52.112.0.0/14, 52.122.0.0/15, யுடிபி 3478 முதல் 3481 வரை. இவ்வளவை மட்டும் வீட்டில் இறக்கினாலே பாரத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும்.

விருந்தினர் பக்கத்துக்கு வருகிறேன். ஒரே இடம், ஒரே கன்ட்ரோலர் என்பதால் எளிய வழியே போதும். விருந்தினருக்குத் தனி விலேன், அது ஸ்விட்சுகளைக் கடந்து நேராக ஃபயர்வாலின் தனி இன்டர்ஃபேஸில் முடிய வேண்டும். கேட்வேயும் டிஎச்சிபியும் அங்கேயே இருக்கட்டும். கோர் ஸ்விட்சிலோ கன்ட்ரோலரிலோ அந்த விலேனுக்கு ஐபி கொடுக்காதீர்கள். ஐபி கொடுத்த நொடியில் அங்கே ஒரு ரூட்டிங் வழி பிறந்துவிடும், பிறகு அதை அடைக்க ஏசிஎல் (அனுமதி, தடை விதிகள்) எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஃபயர்வாலில் விருந்தினர் விலேனிலிருந்து 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்ற உள் நெட்வொர்க் முகவரி வரம்புகள் மூன்றுக்கும் தடை, மற்றதற்கு அனுமதி. டிஎன்எஸ்ஸாக அலுவலக உள் சர்வரைக் கொடுக்காதீர்கள். எஸ்எஸ்ஐடிக்கான டபிள்யூலேன் அமைப்பில் பியர் டு பியர் பிளாக்கிங்கை ட்ராப் என்று வைத்தால் ஒரு விருந்தினரின் லேப்டாப் இன்னொருவருடையதைத் தொட முடியாது. ஆளுக்கு ஒரு வேக வரம்பும் போட்டுவிடுங்கள், மேலே கணக்குப் போட்ட 180 எம்பிபிஎஸ்ஸும் இதே இணைப்பில்தான் ஓடப்போகிறது.

விருந்தினர் இணைந்ததும் வரும் நுழைவுப் பக்கத்தில்தான் உங்களுக்குப் பெரும்பாலான நேரம் போகும். போன் ஒரு வைஃபையில் இணைந்ததும் தன் நிறுவனத்தின் ஒரு முகவரிக்குச் சாதாரண எச்டிடிபியில் போய்ப் பார்க்கிறது. ஆப்பிளுக்கு கேப்டிவ் டாட் ஆப்பிள் டாட் காம், ஆண்ட்ராய்டுக்கு கூகுளின் ஒரு முகவரி. எதிர்பார்த்த பதில் வராவிட்டால் "இங்கே லாகின் இருக்கிறது" என்று புரிந்துகொண்டு அந்தப் பக்கத்தைத் தானே திறக்கிறது. ஆக, கன்ட்ரோலர் எச்டிடிபியை இடைமறித்தால் போதும். எச்டிடிபிஎஸ்ஸையும் இடைமறிக்கும் தேர்வு இருக்கிறது, அதை ஆஃப் ஆகவே விடுங்கள். அதை ஆன் செய்தால் வங்கித் தளத்தைத் திறக்கும் விருந்தினருக்குச் சான்றிதழ் எச்சரிக்கைதான் வரும், எச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கும் எச்எஸ்டிஎஸ் உள்ள தளங்களில் அதைத் தாண்டிப் போகவும் முடியாது, கன்ட்ரோலருக்கும் வீண் சுமை.

இங்கே அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒன்று: பாதுகாப்புத் தணிக்கையில் "நிர்வாகப் பக்கம் எச்டிடிபியில் இருக்கக்கூடாது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். நீங்கள் கன்ட்ரோலரில் எச்டிடிபி சர்வரை அணைப்பீர்கள். அன்றே விருந்தினர் லாகின் பக்கம் வராமல் போகும், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே தோன்றாது. பிந்தைய பதிப்புகளில் குளோபல் பாராமீட்டர் மேப்பில் வெப்ஆத்துக்கு (விருந்தினர் லாகின் பக்கத்துக்கு) மட்டும் எச்டிடிபியை அனுமதிக்கும் தனித் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் தணிக்கையாளரும் திருப்தி, விருந்தினருக்கும் பக்கம் வரும்.

லாகின் பக்கத்துக்காகக் கன்ட்ரோலர் வைத்திருக்கும் வர்ச்சுவல் ஐபி 192.0.2.1 என்று இருக்கட்டும். பழைய வழிகாட்டிகளில் 1.1.1.1 என்று போட்டிருக்கும். 2018 ஏப்ரலில் கிளவுட்ஃப்ளேர் அந்த முகவரியில் பொது டிஎன்எஸ் சேவையைத் தொடங்கிய பிறகு அது உண்மையான இணைய முகவரி. 192.0.2.0/24 ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசை, யாரோடும் மோதாது. இந்த ஐபிக்கு ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயருக்கு முறையான சான்றிதழ் வாங்கி ஏற்றுங்கள். விருந்தினர் பயன்படுத்தும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயர் 192.0.2.1 என்று பதில் தருகிறதா என்றும் பாருங்கள்.

சிஸ்கோவின் அனுமதி சர்வரான ஐஎஸ்இ வைத்து லாகினை அங்கே நடத்தப்போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. ரீடைரக்ட் ஏசிஎல்லில் 9800-க்கு பெர்மிட் என்றால் "இதைத் திருப்பிவிடு", டினை என்றால் "இதைத் தொடாதே, போகவிடு". உங்கள் 2504 ஓடிய ஏர்ஓஎஸ் என்ற பழைய கன்ட்ரோலர் மென்பொருளில் இது தலைகீழ். பழைய ஏசிஎல்லை அப்படியே நகலெடுத்தால் ஐஎஸ்இக்குப் போக வேண்டிய டிராஃபிக்கே திருப்பப்பட்டு, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டிஎச்சிபி ஒரு ஐபியைக் கொடுத்துவைக்கும் நேரத்தைக் குறைவாக வையுங்கள், 2 முதல் 4 மணி நேரம். ஐபி வரம்பைத் தாராளமாக வையுங்கள். 2019-இல் ஆண்ட்ராய்டு 10-இலும் 2020-இல் ஐஓஎஸ் 14-இலும் போன்கள் உண்மையான மேக் முகவரிக்குப் பதில் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைத் தர ஆரம்பித்துவிட்டன. ஒருவர் நெட்வொர்க்கை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தால் புது ஆளாகக் கணக்கில் வரலாம். "இந்த மேக் இன்னார்" என்று நிரந்தரமாக எதையும் கட்டாதீர்கள். போன் திரை அணைந்து எழும்போதெல்லாம் லாகின் கேட்காமலிருக்க ஸ்லீப்பிங் கிளையன்ட் வசதியை ஒரு வேலைநாள் அளவுக்கு வைத்தால் வரவேற்பறைக்குப் புகார் வராது.

கடவுச்சொல் வைக்கலாமா, திறந்தே விடலாமா? உங்கள் அளவு அலுவலகத்துக்கு வரவேற்பறையில் க்யூஆர் அட்டை வைத்து, கடவுச்சொல்லை மாதம் ஒருமுறை மாற்றி, நுழைவுப் பக்கத்தில் விதிமுறைக்கு ஒப்புதல் வாங்குவது போதும் என்பேன். முழுக்கத் திறந்த வைஃபையில் காற்றில் போவது எதற்கும் வைஃபையின் மறையாக்கம் கிடையாது. கடவுச்சொல் இல்லாமலே மறையாக்கம் தரும் ஓடபிள்யூஇ முறை நல்லது, ஆனால் பழைய லேப்டாப்பைக் கொண்டுவரும் விருந்தினருக்கு அது தெரியாது.

இந்தியாவில் இருக்கிறீர்கள் என்றால் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு நிறுவனங்களுக்கும் பொருந்தும். லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், கருவிகளின் கடிகாரங்கள் என்டிபியில் ஒத்திசைந்திருக்க வேண்டும். நாளைக்கு "உங்கள் ஐபியிலிருந்து இன்ன நேரத்தில் இது நடந்தது" என்று கடிதம் வந்தால் மூன்றைக் கோத்துப் பார்க்க வேண்டியிருக்கும்: ஃபயர்வாலின் நேட் லாக், டிஎச்சிபி லாக், லாகின் பதிவு. கடிகாரம் ஐந்து நிமிடம் தப்பினாலும் வேறொருவரின் பெயரைக் கொடுத்துவிடுவீர்கள். எந்த விருந்தினர் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு உண்டு என்றால் பொதுக் கடவுச்சொல் போதாது, போன் எண்ணுக்கு ஓடிபி அனுப்பும் முறைக்குப் போங்கள். அந்த எண்ணை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

கடைசியாக 2504. விருந்தினருக்குத் தனிக் கன்ட்ரோலர் வைக்கும் முறைக்கு ஆங்கர் என்று பெயர். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் விருந்தினர் டிராஃபிக்கை இன்னொரு டனலில் டிஎம்இசட்டில் (உள் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து ஒதுக்கிய பகுதியில்) இருக்கும் கன்ட்ரோலருக்குத் தள்ளிவிடும். 9800-களுக்கு இடையே இது யுடிபி 16666, 16667-இல் நடக்கிறது. 9800-ஐயும் ஏர்ஓஎஸ் கன்ட்ரோலரையும் இப்படி இணைக்க, இரண்டையும் பேசவைக்கும் ஐஆர்சிஎம் என்ற வசதி வேண்டும். 3504, 5520, 8540 போன்றவற்றில் உரிய பதிப்பு போட்டால் அது கிடைக்கும், 2504-இல் கிடைக்காது. ஆகவே அதை ஒதுக்கிவிடலாம். பின்னாளில் கிளைகள் பெருகி ஆங்கர் தேவைப்பட்டால் சிறிய 9800 ஒன்றை அதற்கென்றே வாங்குங்கள், அதில் அக்சஸ் பாயின்ட் எதையும் சேர்க்காதீர்கள். டபிள்யூலேன் அமைப்பும் பாலிசி ப்ரொஃபைல் பெயரும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலும் விருந்தினருக்கு ஐபியே கிடைக்காது.